டேவிட் சாரின் வலது கை

வெள்ளை உடுப்பு மடிப்புக் கலையாமல் வார்டுக்குள் வந்து நிற்கும் பிள்ளைகளே, நரம்பு தேடுவது எப்படி, ஊசி போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதற்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் உங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். நான் ஆந்திர எல்லையோரத்து நகரிக்காரி. எந்நேரமும் பவர்லூம் ஓடும் சந்தில் வளர்ந்ததால் சத்தமாகத்தான் பேசுவேன். அதைக் கோபம் என்று நினைத்துப் புது நர்ஸுகள் நடுங்குவார்கள். பாதி நேரம் அது கோபமே இல்லை. மீதிப் பாதி நேரம் கோபம்தான்.

முப்பத்துநாலு வருடம் இந்த வேலையில் வாங்கிய திட்டுகளை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. அவற்றில் பலவற்றை நினைத்து இப்போது சிரித்துவிடுவேன். ஒன்றை மட்டும் நினைத்தால் சிரிப்பு வராது. அந்த ஒன்றுக்காக என்னை யாருமே திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முதலில் சித்தூரைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் வேலை பழகியது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில். என்னைப் பழக்கிய தலைமை நர்ஸின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. புதிதாகப் படுக்கைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அவர் மூன்று கேள்வி கேட்பார். எங்கே வலிக்குது? என்னா துன்னே? மூன்றாவது, "கஷ்டம் வந்தா வாயில யாரு பேரு வரும்?" நெற்றியில் பட்டை இருந்தாலும், தலையில் குல்லா இருந்தாலும், கழுத்தில் சிலுவை தொங்கினாலும் அதே கேள்விதான். ஒருநாள் நெற்றி நிறைய நாமம் போட்ட ஒரு பெரியவரிடமும் அவர் அதைக் கேட்டபோது நான் பின்னால் நின்று களுக்கென்று சிரித்துவிட்டேன். பெரியவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "மாதா" என்றார். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளையாம் அவர். வெளியே வந்ததும் அந்த அம்மா என் காதைப் பிடித்தார். "நெத்தியில கீறது ஊட்டுக்காரங்க வச்சது. வாயில வர்றதுதான் அவனோடது. கேக்காம உனக்கு எப்டிடி தெரியும்?"

பல வருடம் நானும் அப்படியே கேட்டுவந்தேன். பிறகு திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அங்கே கம்ப்யூட்டர் இருந்தது. நோயாளி உள்ளே வரும்போதே வாசல் கவுண்டரில் பெயர், வயது, மதம் எல்லாம் ஏறிவிடும். திரையில் இருப்பதை வாயால் கேட்பானேன் என்று மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். விட்டுவிட்ட நாள்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. யாருக்காவது கடைசி நேரம் என்று தெரிந்தால், அவரவர் மதத்துக்கு வேண்டியதை ஓடியாடி ஏற்பாடு செய்துவிடுவேன். ஒருவருக்குத் துளசித் தீர்த்தம், ஒருவருக்கு ஜம்ஜம் தண்ணீர், ஒருவருக்குப் பாஸ்டர். டாக்டர்கள் என்னை 'சர்வமத சிஸ்டர்' என்று கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் உள்ளே எனக்கு இனிக்கும். அந்த இனிப்புதான் என்னைக் கெடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை டேவிட் சார் வந்தார். ஐம்பத்தெட்டு வயது. மும்பைப் பக்கத்துக்காரர். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி. நாயுடுபேட்டையில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். காலையில் நெஞ்சுவலி வந்து, எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் தாவூத் பாய்தான் அவரைக் கொண்டுவந்தார். கூட வந்தது அவரோடு வேலை செய்யும் ஒரு பையன். அவன்தான் கவுண்டரில் விவரம் சொன்னான். பெயர் டேவிட், மகள் பெயர் ரேச்சல். கவுண்டரில் இருந்த பெண் மதத்துக்கு நேரே 'கிறிஸ்தவர்' என்று தட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் தட்டியிருப்பேன். டேவிட், ரேச்சல் என்றால் நம் பக்கத்தில் வேறு என்ன நினைப்போம்?

அவர் நல்ல மனிதர். நெஞ்சில் ஒயர்களோடு படுத்துக்கொண்டே என்னை 'சிஸ்டர்ஜி' என்பார். மதியம் சிக்கன் சூப் வந்தது, தொடவில்லை. தயிர் சாதம் கேட்டார். நான் சும்மா இருப்பேனா?

"இன்னா சார் இது, எங்க ஊரு டேவிட்டெல்லாம் பிரியாணின்னா ரெண்டு தட்டு துன்னுவாங்க. நீங்க தயிர் சாதம் கேக்கறீங்க?"

உடைந்த ஆங்கிலமும் உடைந்த இந்தியுமாக நான் கேட்டதைப் புரிந்துகொண்டு சிரித்தார். "இங்கே நான் சைவம், சிஸ்டர்ஜி" என்றார். 'இங்கே' என்று ஏன் சொன்னார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு வந்த ஆயா கன்னியம்மா என் காதோரம் வந்தாள். புத்தூர்க்காரி, வார்டில் அவளுக்குத் தெரியாமல் ஓர் ஈ பறக்காது. "சிஸ்டர், பேரு டேவிட்டுன்னு கீது. ஆனா சுன்னத்து பண்ணிக்கினு கீறாரே. பாயா இருக்கப்போறாரு, ஒரு தரம் கேட்டுப் பாக்கறதா?"

"ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கும். பெரிய சிஐடி நீ. உன் வேலையப் பாரு போ" என்று விரட்டினேன்.

அவள் கேட்டது முழுக்கச் சரியில்லை. ஆனால் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை நிலைமை மோசமானது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. முகத்தில் இறுக்கமான மாஸ்க் போட்டு மெஷினில் மூச்சுக் கொடுத்தோம். அந்த மாஸ்க் போட்டால் பேச முடியாது. கேட்டால் தலையாட்டலாம், அவ்வளவுதான். இதைக் கவனித்து வையுங்கள். அவரால் தலையாட்ட முடிந்தது.

அன்று மும்பையிலிருந்து மகள் போன் செய்தாள். மறுநாள் காலை முதல் விமானத்தில் சித்தப்பாவோடு வருகிறேன் என்றாள். குரல் உடைந்திருந்தது. "அதற்குள் ஏதாவது ஆனால், அப்பா பிரார்த்தனை செய்ய நினைப்பார்" என்றாள்.

"கவலைப்படாதேம்மா. இங்கே எல்லாருக்கும் அதற்கு ஏற்பாடு செய்வோம். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

"தேங்க்யூ சிஸ்டர்" என்றாள். எந்தப் பிரார்த்தனை என்று நான் கேட்கவில்லை. நான் சொன்ன உறுதியில் அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நிம்மதியாகப் போனை வைத்தோம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் சிஸ்டர், மாஸ்க் விலகினா அதுவும் இல்லை" என்றார். மகள் அப்போது வானத்தில் இருந்தாள், போன் போகவில்லை. நான் பாஸ்டரை வரச்சொன்னேன். பக்கத்துத் தெருவில் சின்னச் சபை நடத்துகிறவர். நோயாளியைப் பார்த்தால் முதலில் காலைத் தடவிக்கொடுக்கிற ஆள். தங்கமான மனிதர்.

வந்தவர் டேவிட் சாரின் பாதத்தைத் தொட்டுவிட்டு, வேதாகமத்தைத் திறந்து சங்கீதம் ஒன்றை மெல்லப் படித்தார். தாவீது ராஜா பாடியதாகச் சொல்வார்களே, அந்தப் பாட்டுகளில் ஒன்று. பாஷை தெரியாவிட்டாலும் நடுவில் வரும் பெயர்கள் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் முகம் தளர்ந்தது. கண்ணோரம் நீர் இறங்கியது. பார்த்தாயா, நாம் செய்தது எவ்வளவு நல்ல காரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பாஸ்டர் பையிலிருந்து ஒரு சின்ன மரச்சிலுவையை எடுத்து அவர் மார்பில் வைத்து, இயேசுவின் நாமத்தில் ஜெபிக்க ஆரம்பித்தார். டேவிட் சாரின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. வலது கை மெல்ல மேலே எழும்பியது. டிரிப்ஸ் ஏறுகிற கை அது. உள்ளங்கையைக் கண்களின் மேல் கொண்டுபோனார். முழங்கை பட்டு மாஸ்க் விலகியது. மெஷின் அலறியது. நான் கையை இறக்கிவிட்டு மாஸ்க்கைச் சரிசெய்தேன். கை மறுபடி எழும்பியது. மறுபடி கண்ணின் மேல். மறுபடி மெஷின் கத்தியது.

பாஸ்டர் நிறுத்திவிட்டார். "அம்மா, அவருக்கு இது சங்கடமா இருக்குதோ என்னமோ. நான் நிறுத்திடட்டுங்களா?"

"மூச்சுத் திணறல் பாஸ்டர். இப்படித்தான் அலைமோதுவாங்க. நீங்க பண்ணுங்க" என்றேன்.

மூன்றாம் முறை கை எழும்பியது. அன்று ஐசியுவில் ஒன்பது படுக்கைக்கு இரண்டே நர்ஸுகள். பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தோம். டிரிப்ஸ் பிடுங்கிக்கொண்டால் இன்னொரு நரம்பு கிடைக்காது. மாஸ்க் போனால் உயிர் போய்விடும். மகள் வந்துகொண்டிருக்கிறாள், அதுவரை உயிரைப் பிடித்துவைக்க வேண்டும். என் மனதில் ஓடியது இவ்வளவுதான். "கையக் கட்டு" என்றேன். என்னோடு இருந்த சின்ன நர்ஸ் தயங்கினாள். நானே பாண்டேஜ் துணியை எடுத்து அவர் வலது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன்.

அவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. வலி என்று நினைத்து, "ஆச்சு சார், ஆச்சு, பொண்ணு வந்துக்கினே இருக்குது" என்று தமிழில் சொல்லி நெற்றியைத் தடவினேன். 'என்ன வேண்டும்' என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். கையை அவிழ்த்து, நானே மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அரை நிமிட வேலை.

பதினொன்றே கால் மணிக்கு அவர் போய்விட்டார். பாஸ்டர் ஆமென் சொன்னார்.

கேஸ் ஷீட்டில், நோயாளி அமைதியின்றி இருந்ததால் மணிக்கட்டு கட்டப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்த விசாரணையிலும் நிற்கக்கூடிய வரி. இன்றைக்கும் யாரும் அதில் பிழை கண்டுபிடிக்க முடியாது.

மூன்று மணிக்கு மகளும் சித்தப்பாவும் வந்தார்கள். ரேச்சலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சித்தப்பா சாலமன் தலையில் சின்ன வட்டத் தொப்பி வைத்திருந்தார். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுதுமுடித்துவிட்டு, மார்பில் இருந்த சிலுவையைப் பார்த்தாள். அதை எடுத்து, யார் மனமும் நோகாதபடி மேசைமேல் பத்திரமாக வைத்தாள். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள்.

"நாங்கள் யூதர்கள், சிஸ்டர்."

யூதர் என்ற சொல்லை நான் பைபிள் கதையிலும் டிவி சண்டையிலும்தான் கேட்டிருந்தேன். நூற்றாண்டுகளாகக் கொங்கண் கரையில் வாழ்ந்து, வீட்டில் மராத்தி பேசும் யூதர்கள் நம் நாட்டில் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சுன்னத்து அவர்களுக்கும் உண்டு, தங்கள் முறைப்படி அறுத்த இறைச்சி கிடைக்காத ஊரில் சைவமாக இருந்துவிடுவார்கள் என்பதும் அன்று தெரிந்ததுதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள். எங்களுக்குச் சாகும்போது சொல்கிற பிரார்த்தனை ஒன்று உண்டு. கடவுள் ஒருவரே என்று சொல்வது. சின்னக் குழந்தையாக இருந்தபோது அப்பாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பேச முடியாவிட்டாலும் அவர் இப்படியாவது செய்திருப்பார்" என்று சொல்லி, தன் வலது உள்ளங்கையை எடுத்துக் கண்களின் மேல் வைத்துக் காட்டினாள். "செய்தாரா?"

பிள்ளைகளே, மூன்று முறை எழும்பிய கை. நான் இரண்டு முறை இறக்கிவிட்டு, மூன்றாம் முறை கட்டிப்போட்ட கை.

"செஞ்சாரும்மா" என்றேன். "கண் மேல கை வச்சாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்."

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கையை வைத்தார்தான். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து, "அப்படியானால் போதும், அப்படியானால் போதும்" என்று அழுதாள். என் கைகளுக்கு முத்தம் கொடுத்தாள். கட்டின கைகளுக்கு.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும், அதற்குள் அடக்கம் முடிய வேண்டும். சென்னையில் யூதர்களுக்கென்று ஒரு சின்ன இடுகாடு இருக்கிறது, அங்கே கொண்டுபோக ஏற்பாடானது. உடலைத் தனியாக விடக்கூடாது என்பதால் சாலமன் அன்று ராத்திரி முழுக்கப் பிணவறை வாசலிலேயே உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். விடிந்ததும், உடலைக் கழுவ வேண்டும், ஆண்தான் கழுவ வேண்டும், வெள்ளைத் துணி சுற்ற வேண்டும் என்றார். தாவூத் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எங்களுக்கும் இதே மாதிரிதான் சார். மசூதியில மய்யத்து குளிப்பாட்ட நான்தான் போவேன். நீங்க எப்டிச் செய்யணுமோ சொல்லுங்க, நான் தண்ணி மொண்டு குடுக்கறேன்." இதை அவர் உருதுவில் சொல்லி, எனக்காகத் தமிழிலும் சொன்னார். சாலமன் சரி என்று தலையசைத்தார்.

அவர்கள் உள்ளே போவதற்கு முன் பாஸ்டர் வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டு ஓடிவந்திருந்தார். சாலமன் முன்னால் போய் நின்று கைகூப்பினார். "ஐயா, தெரியாம உங்க அண்ணன் மார்புல நான் சிலுவையை வச்சிட்டேன். என்னை மன்னிக்கணும்." தாவூத் பாய் இந்தியில் எடுத்துச் சொன்னார்.

"அதற்கு முன் என்ன படித்தீர்கள்?" என்று கேட்டார் சாலமன். பாஸ்டர் வேதாகமத்தைத் திறந்து காட்டினார். சாலமன் தன் கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டி அதே பாட்டைக் காட்டினார். ராத்திரியிலிருந்து அவரும் அந்தப் பாட்டுகளைத்தான் படித்துக்கொண்டிருந்தாராம்.

"இது எங்க பாட்டுதான். அவருக்கு அது கேட்டிருக்கும்" என்றார்.

தாவூத் பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்களுக்கு அது ஜபூர் சார். தாவூத் நபிக்கு எறங்கினது. என் பேரே அவரு பேருதான்."

"என் அண்ணன் பெயரும் அதுதான். டேவிட் என்றாலும் தாவீதுதானே" என்றார் சாலமன்.

"இயேசு பொறந்ததே தாவீது வம்சத்துலதானே" என்று பாஸ்டரும் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். சாலமன் சிரித்தார். "அந்த ஸ்டாப்பிலதான் நீங்களும் நாங்களும் வேற வேற பஸ் ஏறினோம். நாங்க இன்னும் மேசியா வருவாருன்னு காத்துக்கினு இருக்கோம்" என்று அவர் சொன்னதாகத் தாவூத் பாய் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார். கூடவே தன் பங்குக்கு, "நாங்க இயேசுவ ஈசா நபின்னு கும்புடாம மரியாத வப்போம். கடவுள் மகன்னு சொல்ல மாட்டோம்" என்றார். ஒருவர் குரலிலும் சண்டை இல்லை. அவரவருக்கு எது வரை சேர்ந்து வரலாம், எங்கே பிரிய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

எல்லாம் ஒன்றுதான் என்று நானும் நிறைய மேடையில் பேசியிருக்கிறேன். மூன்று பேருக்கும் ஆபிரகாம் தகப்பன், மூன்று பேருக்கும் ஒரே கடவுள், மோசே, தாவீது எல்லாரும் பொது. உண்மைதான். ஆனால் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் அப்பன் ஒருவன் என்பதற்காக ஒருவன் கல்யாணத்துக்கு இன்னொருவனை மணவறையில் உட்காரவைக்க முடியுமா? எல்லாம் ஒன்று என்று சொல்வது பல நேரம் பெருந்தன்மை இல்லை, கேட்பதற்குச் சோம்பல். சங்கீதம் வரை அமைதியாக இருந்த மனிதர், சிலுவை வந்ததும் தன் கடவுளைத் தேடிக் கையைத் தூக்கினார். அந்த இடத்தில்தான் நான் துணியை எடுத்தேன்.

பாஸ்டர் மன்னிப்புக் கேட்டபோது நானும் கேட்டிருக்க வேண்டும். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் பேப்பர்களை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அரைமணி கழித்துக் கழுவும் அறையிலிருந்து சாலமன் வெளியே வந்தார். ஈரக் கையோடு என் முன்னால் நின்றார். ரேச்சல் தூரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தன் வலது மணிக்கட்டைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, குரலைத் தணித்து இந்தியில் ஏதோ சொன்னார். கட்டின இடத்தில் தடம் பதிந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். மாஸ்க், மூச்சு, இரண்டே நர்ஸ் என்று என்னென்னவோ உளறினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். தாவூத் பாயிடம் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாவூத் பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பொண்ணுகிட்ட நீங்க சொன்னது அப்டியே இருக்கட்டுமாம் சிஸ்டர். எப்பவும் மாத்திச் சொல்ல வேணாம்னாரு."

மன்னிப்பு என்று நினைத்தேன். தண்டனை என்று பிறகுதான் புரிந்தது.

வண்டி சென்னைக்குப் போய் வந்தது. பொழுது சாயும் முன் அடக்கம் முடிந்துவிட்டதாம். ஆனால் அடக்கத்தில் சொல்கிற ஒரு பிரார்த்தனைக்கு அவர்கள் சமயத்து ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். சென்னையில் கூடியவர்கள் எட்டே பேர். "நானும் கிளீனரும் நிக்கறோம் சார், பத்து ஆயிடும்னேன்" என்றார் தாவூத் பாய். "அவரு என் தோளத் தட்டிட்டு, நீங்க செஞ்சது பெரிசு பாய், ஆனா அதுக்கு எங்க ஆளுங்கதான் வேணும், மும்பையில போயி சொல்லிக்கறோம்னாரு. எனக்கு வருத்தம் இல்ல சிஸ்டர். எங்க தொழுகைக்கு வேற ஆளச் சேத்துக்கினு நிப்போமா?"

அப்புறம் நான் கேட்காமலேயே சொன்னார். "எங்க ஆளு ஒருத்தன் சாவும்போது ஆள்காட்டி விரலத் தூக்கினா, கலிமா சொல்றான்னு எனக்குத் தெரியும். கண்ணுல கை வச்சா எனக்கும் தெரிஞ்சிருக்காது."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் கன்னியம்மாவுக்கும் தெரியாதுதான். அவள் கேட்கச் சொன்னாளே.

இனிமேல் நீங்கள் யார் கையைக் கட்டினாலும் கட்டுங்கள். வேலையில் அது வரும். கட்டுவதற்கு முன் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேளுங்கள். திரையில் மதத்துக்கு நேரே எழுதியிருப்பதைத் தட்டியவர், பெரும்பாலும் அந்த நோயாளி இல்லை.

நான் ஓய்வு பெற்று வந்த பிறகும் ரேச்சல் வருடம் தவறாமல் போன் செய்கிறாள். அவர்கள் கணக்குப்படி அப்பாவின் நினைவு நாளில் விளக்கேற்றிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். "அப்பா கடைசியில் என்ன செய்தார் என்று இன்னொரு தரம் சொல்லுங்கள் சிஸ்டர்" என்பாள். நானும் சொல்வேன். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு வருடமும் வாயைத் திறப்பேன், சித்தப்பா சொன்னது ஞாபகம் வரும், அவள் குரலில் இருக்கிற நிம்மதியும் கேட்கும். போன வருடம் போனை மகனிடம் கொடுத்தாள். ஐந்து வயது. தாத்தா கண்மேல் கை வைத்துக்கொண்டு பிரார்த்தனை சொன்னாரா என்று கேட்டான்.

வைத்துக்கொண்டே இருந்தார் கண்ணா, கடைசி மூச்சு வரைக்கும் எடுக்கவே இல்லை என்று சொன்னேன்.